குத்தியாச்சு மதினி

சிவப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகளவுதான், நான் மூச்சு விட்டால் நடுங்குகிறது, மூச்சைப் பிடித்தால் நின்றுகொள்கிறது, அப்பாவின் சின்ன டார்ச்சை வலது மூக்குக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க்கண்ணாடி முன்னால் நிற்கிறேன், மூக்கின் சதை முழுக்கச் செம்பருத்தி நிறத்தில் எரிகிறது, அந்தச் செம்பருத்திக்குள் வளையம் இருந்த துளை வழியாக மட்டும் வெளிச்சம் வெள்ளையாகவே வெளியே வருகிறது, பின்னால் வந்து நின்ற அக்கா, என்னடா மூக்குக்குள்ள நட்சத்திரம் தேடுற என்கிறாள், எனக்குப் பத்து வயது, அல்லது பதினொன்று, அன்று காலையில்தான் புதுப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் ஆம்பளைப் பையனுக்கு எதுக்கு மூக்குல வளையம், நாளைக்குக் கழட்டிட்டு வா என்று சொல்லியிருந்தார், கழற்றிய வளையத்தை அக்கா குங்குமச் சிமிழுக்குள் போட்டு மூடினாள், இம்புட்டு நாள் இது உன்னைக் காத்துச்சு, இனிமே நான் இதைக் காத்துக்கிறேன் என்றாள், ஆனால் நான் சொல்ல வந்த சிவப்பு அது இல்லை, அல்லது அதுவும்தான், இப்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது வேறு சிவப்பு, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் மகளின் பாதத்தைச் சுற்றிக் கட்டிய பட்டையில் எரியும் சிவப்பு, பாதம் என் கட்டைவிரல் அளவுகூட இல்லை, உள்ளே எலும்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை, அத்தனையும் செம்பருத்தி, ரத்தத்தில் மூச்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்த வெளிச்சம் பார்த்துச் சொல்லுமாம், சிஸ்டர் ஜெபராணி சொன்னார், நான் குனிந்து வெள்ளைப் புள்ளியைத் தேடினேன், எங்கேயும் துளை இல்லை.

எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள் என்பார்கள், இருந்தார்கள் என்றால் இருந்துவிட்டுப் போனார்கள், மூத்தவன் தவழும் முன்னால், அடுத்தவன் அதற்கும் முன்னால், இருவருக்கும் இடுப்பில் வெள்ளிக்கொடி, காலில் தண்டை, ராஜாக்களின் பெயர்கள், அவ்வளவு அழகாக வைத்திருந்ததால்தான் போய்விட்டார்கள் என்று அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு ஒருமனதாக முடிவு செய்திருந்தது, ஆகவே நான் பிறந்தபோது என்னை அழகில்லாமல் ஆக்க வேண்டியிருந்தது, அம்மா என்னைச் சுளகில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்துக்கொண்டாள், அவளிடமிருந்து என் அக்கா முத்துப்பேச்சி, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, பாவாடையில் அள்ளிக்கொண்டுபோன தவிட்டைக் கொட்டி என்னை விலைக்கு வாங்கினாள், அதற்குப் பிறகு ஆசாரி வந்து என் மூக்கைக் குத்தி வளையம் மாட்டினார், எமன் வந்தால் பார்ப்பான், குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு விற்றது, மூக்கில் ஓட்டை வேறு, இந்தப் பழுதுபட்ட சாமானை யார் சுமப்பது என்று விட்டுவிட்டுப் போய்விடுவான், இதுதான் திட்டம், திட்டம் பலித்தது, நான் இருக்கிறேன், அம்மாதான் இப்போது இல்லை, அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் அக்கா நடுவில் வந்து நிற்பாள், நீ என்னத்துக்கு அவனை வையுற, அவன் உன் பிள்ளையா, நான் தவுடு குடுத்து வாங்குன பிள்ளை என்பாள், அப்ப சோத்தையும் நீயே போடு என்று அம்மா சிரித்துவிடுவாள், இப்போதும் அந்தச் சிரிப்பு எங்கிருந்தோ கேட்கிறது, ஆஸ்பத்திரியின் நடையில் யாரோ டிபன் கேரியரைத் திறக்கும் சத்தமாகவும் இருக்கலாம்.

வளையம் போன பிறகு துளை மெல்ல மெல்லத் தூர்ந்தது, இறைக்காத கிணறு தூர்வதைப் போல, யாரும் மண் அள்ளிப் போட வேண்டியதில்லை, ஆனாலும் தடம் போகவில்லை, பள்ளிக்கூடத்தில் என்னை மூக்காயி என்று கூப்பிட்டார்கள், கல்லூரியில் ஒருவன் நீ முன்ஜென்மத்தில் மாடா என்றான், நான் எவரோடு பேசினாலும் வலது பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தேன், அப்படிப்பட்டவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில்தான் வேலை கிடைத்தது, பகல் முழுக்க அடுத்தவர் மூக்குகளைத் தொட்டு, சட்டத்தை வளைத்து, இங்க அழுத்துதா சார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், கல்யாணம் பேசி முடித்த புதிதில் செண்பகவல்லி போனில் கேட்டாள், உங்க மூக்குல இருக்கிறது அம்மைத் தழும்பா, இல்லை, நகை இருந்த இடம் என்றேன், எனக்கே எங்க வீட்ல மூக்குக் குத்தல, உங்களுக்குக் குத்துனாகளா என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்து, இந்த ஓட்டை இல்லாட்டி நீங்க எனக்குக் கிடைச்சிருக்க மாட்டீகளோ என்றாள்.

சாயங்காலங்களில் ஒரு வகுப்புக்குப் போகிறேன், பழங்கலைகளைப் பற்றிய பட்டய வகுப்பு, கடை முடிந்து ஓடினால் பாதி பாடம் போயிருக்கும், இந்தப் பருவத்தில் நகைகள், திரையில் படங்கள் வந்து வந்து போகின்றன, புதைகுழித் தாழிக்குள் எலும்போடு எலும்பாகக் கிடந்த சூதுபவள மணிகள், செத்தவருக்கு எதற்கு மணி, போகிற இடத்தில் வெறுங்கழுத்தோடு நிற்கக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், சங்கை அறுத்துச் செய்த வளையலின் உடைந்த துண்டு, ஆடும் சிவனின் ஒரு காதில் ஆணின் குழை, மறு காதில் பெண்ணின் தோடு, ஐம்படைத்தாலி என்று ஒன்று, சங்கு, சக்கரம், கதாயுதம், வாள், வில் ஐந்தையும் நகக்கண் அளவுக்குச் சிறிதாக்கிக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிடுவார்களாம், திருமாலின் ஆயுதங்கள் ஐந்தும் ஒரு பச்சைப்பிள்ளைக்குக் காவல், கையில் போடுவதும் காப்பு, காப்பதும் காப்பு, நான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன், தெய்வத்துக்குப் போட்டது, இருப்பவருக்குப் போட்டது, இறந்தவருக்குப் போட்டது, எந்த வரிசையிலும் என் மூக்கு உட்காரவில்லை, ஒருநாள் துணிந்து எழுந்து, ஒருத்தரை அழகில்லாம ஆக்குறதுக்கு நகை போட்டிருக்காங்களா மேடம் என்று கேட்டேன், வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை, யோசிச்சுச் சொல்றேன் என்றார், கேட்டிருக்கவே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன், கையால் மூக்கை மறைத்துக்கொண்டு.

அது நடந்தது இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, இதற்கு முன்னாலும் ஒருத்தி இருந்தாள், மாதம் நிறைந்துதான் பிறந்தாள், பிறப்பதற்கு முன்பே யாழினி என்று பெயர் எடுத்து வைத்திருந்தோம், வெள்ளிக் கொலுசும் வாங்கி வைத்திருந்தோம், கொலுசு இன்னும் பீரோவில் இருக்கிறது, பூட்டுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள், மூச்சுக்குழலில் ஏதோ கோளாறு என்றார்கள், எங்கள் மேல் தப்பில்லை என்றும் சொன்னார்கள், அப்புறம் இவள், ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள், அழக்கூடத் தெம்பில்லாமல், நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள், செய்தி கேட்டு அக்கா அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள், கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு பொட்டலம் தவிடு, ஒரு குங்குமச் சிமிழ், சிமிழுக்குள் என் வளையம், செண்பகம் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள், அதோடு நிறுத்தியிருக்கலாம், போன பிள்ளைக்கே நான் சொன்னேன், குத்திருவோம், பேரை அசிங்கமா வைப்போம்னு, நீங்க படிச்சவுக, கேக்கல என்றாள், செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், சுவரைப் பார்த்தபடியே, அப்ப நான்தான் அவளைக் கொன்னேனா மதினி என்று கேட்டாள், நான் அப்படிச் சொல்லல புள்ள என்று அக்கா சொன்னாள், ஆனால் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்துகொண்டு இருவரும் என் வழியாகவே பேசினார்கள், உங்க அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்க, உன் பொண்டாட்டியப் போத்திக்கிடச் சொல்லு, நடுவில் நான், யார் பக்கம் என்று எனக்கே தெரியாமல், எமனை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் சிமிழை அக்கா நீட்டியபோது என் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

பிள்ளையைப் பார்க்க உள்ளே போவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழுவுவதற்கு முன்னால் உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் போட வேண்டும், தட்டு நிறைய அப்பாக்கள் கழற்றிய மோதிரங்கள், வேல் பொறித்தது, சிலுவை வைத்தது, பிறை போட்டது, மந்திரித்த தாயத்துகள், கறுத்துப்போன சாமி கயிறுகள், வகுப்புத் திரையில் பார்த்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழை ஒன்றை யாரோ குழாயடியில் திறந்து வைத்ததுபோல் இருந்தது, எல்லாக் காவலும் வாசலோடு நின்றுவிட, வெறுங்கையோடு உள்ளே போகிறோம், நான் மட்டும் வளையத்தைக் கைக்குள் மூடி வைத்திருந்தேன், கையை விரிக்காமல் எப்படிக் கழுவுவீங்க சார் என்று சிஸ்டர் ஜெபராணி கேட்டார், விரித்தேன், பிள்ளை மூக்குக்கு, சும்மா தொட்டுட்டு எடுத்துரலாம்னு என்றேன், அவர் வளையத்தைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், புரிந்துவிட்டது போலிருந்தது, அவ மூக்கு எம்புட்டு இருக்கும் தெரியுமா, ஒரு உளுந்து, அதைத் தொட்டீங்கன்னா நாளையிலிருந்து உங்களை நான் உள்ள விடமாட்டேன், தட்டுல வைங்க என்றார், வைத்தேன், வெளியே வந்ததும் எடுத்துக்கொண்டு கழிவறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன், அவளுக்குப் போட முடியாவிட்டால் எனக்காவது என்று தோன்றியது, அதில் என்ன நியாயம் என்று கேட்கக்கூடாது, வளையத்தின் முனையை அந்தத் தடத்தில் வைத்துத் தள்ளினேன், முதலில் இடம் கொடுத்தது, பிறகு நின்றுவிட்டது, இன்னும் தள்ளினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு பொட்டு ரத்தம் வந்தது, செல்போன் விளக்கைப் போட்டு மூக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், செம்பருத்தி எரிந்தது, நட்சத்திரம் இல்லை, முழுக்கத் தூர்ந்திருந்தது.

சிவந்த மூக்கோடு நான் திரும்பி வந்தபோது பார்வை நேரம் தொடங்கியிருந்தது, உறவுக்காரர்கள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அக்காவுக்கு அப்போதுதான் முறை வந்திருந்தது, அவளுக்குத் தூரப் பார்வை மங்கல், தம்பி கண்ணாடிக் கடையில் இருந்தும், மூஞ்சில கம்பிய மாட்டிக்கிட்டு அலைய மாட்டேன் என்று ஒரே பிடிவாதம், நெற்றியைக் கதவில் ஒட்டி, கையைக் கண்ணுக்கு மேல் குவித்து, முதல் பெட்டி, அதுக்கடுத்த பெட்டி என்று நான் சொல்லச் சொல்லத் தேடினாள், செண்பகம் வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள், பிள்ளைக்குப் பால் குடிக்கத் தெரியாததால் இடது மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்று விட்டிருந்தார்கள், அது மூக்கிலிருந்து வளைந்து வந்து கன்னத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரியில் ஒட்டியிருந்தது, சொட்டுச் சொட்டாக அதில் பால் இறங்கும், அக்கா அசையாமல் பார்த்தாள், பிறகு நெற்றியை எடுக்காமலே, ஏய், குத்தியாச்சே என்றாள், யார்றா குத்துனது, பொம்பளப் பிள்ளைக்கு இடது மூக்குன்னு விவரம் தெரிஞ்சுதான் குத்தியிருக்காக, வளையம் ஆடிப் புண் சிலும்பிரக் கூடாதுன்னு கன்னத்தோட சேத்து ஒட்டியும் விட்டிருக்காக, நான் வாயைத் திறந்தேன், அது பால் குழாய் அக்கா என்று சொல்வதற்குத்தான் திறந்தேன், அதற்குள் சுவரோரத்திலிருந்து செண்பகம், ஆமா மதினி, குத்தியாச்சு என்றாள்.

அக்கா திரும்பினாள், எத்தனையோ பொழுதுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்தார்கள், வலிச்சு அழுதாளா என்று அக்கா கேட்டாள், ஒரு சத்தம் இல்லை என்றாள் செண்பகம், அழலையா, உன் புருசன் தெருவையே கூட்டுனான், ஆசாரி கையைக் கடிச்சு வச்சான், பல்லே இல்லாத வாய்ல, செண்பகம் சிரித்தாள், தையல் இழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது மதினி, சிரிக்க வைக்காதீக என்று மறுபடியும் சிரித்தாள், அப்படியே அழுதாள், அக்கா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள், வெளிச்சம் இல்லாத கால்ல என்னமோ பட்டை கட்டியிருக்கே அது என்னடா என்று என்னைக் கேட்டாள், பேர்ப்பட்டை, செண்பகவல்லி குழந்தைன்னு எழுதியிருக்கு, இன்னும் பேர் வைக்கலைல்ல என்றேன், பேர் இல்லையா, நல்லது, பேர் இல்லாததை எமன் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான் என்று அக்கா தலையாட்டிக்கொண்டாள், நான் குழாயைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன், பாதத்தில் எரியும் சிவப்பைப் பார்த்தேன், அக்காவின் கண்ணுக்குத் தெரிவதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, வகுப்பில் கேட்டுவிட்டு வெட்கப்பட்டு உட்கார்ந்த கேள்விக்கு அந்த நடையில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பதில் வந்த மாதிரி இருந்தது, தாழிக்குள் மணி போட்டவரும், பிள்ளை கழுத்தில் ஐந்து ஆயுதம் கட்டியவரும், என் மூக்கைக் குத்தச் சொன்னவளும், அந்தக் குழாயை நடுங்காமல் உள்ளே விட்ட சிஸ்டரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், போகாதே, அழகு, அழகின்மை எல்லாம் அதற்குப் பிறகுதான், இப்படி நினைத்தேன், சரியா என்று தெரியவில்லை, இன்றும் அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், தோலோடு தோல் ஒட்டினால் சூடு ஏறும், எடை ஏறும் என்றார்கள், சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளுங்கம்மா, பிள்ளைக்குக் குத்தும் என்றார் சிஸ்டர் ஜெபராணி, செண்பகம் தாலியைப் பின்னால் தள்ளினாள், அது இருந்த இடத்தில் மகள் கிடந்தாள், தாலியை விடக் கொஞ்சம்தான் பெரிதாக, மூக்கில் குழாயோடு, ஒரு கையைத் தாயின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின, எந்த நாளில் முதல் முறையாகக் கண் திறந்தாள், எந்த நாளில் அழுகை நடை வரைக்கும் கேட்டது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் குழாயை எடுத்த நாள் நினைவிருக்கிறது, அன்று அக்கா கதவில் நெற்றியை ஒட்டியவள் சட்டென்று பின்வாங்கினாள், டேய், கழட்டிட்டாக, ஏன்டா கழட்டுனாக, என்னாச்சு என்று என் சட்டையைப் பிடித்தாள், எனக்குத் தெரியும், காலையில்தான் சொல்லியிருந்தார்கள், தானே சப்பிக் குடிக்கிறாள், இனிக் குழாய் வேண்டாம் என்று, உண்மையைச் சொல்லலாம், அல்லது வேறு உண்மையைச் சொல்லலாம், தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார், கண்ணாடியும் டார்ச்சும் வந்தன, இனி வேணாம்னுட்டாகக்கா, போட்ட வேலை முடிஞ்சிருச்சு என்றேன், அக்கா என் கண்ணையே பார்த்தாள், எதையோ அளப்பது போல, பிறகு சட்டையை விட்டாள், கசங்கியதை நீவிவிட்டாள், உனக்குப் பத்து வருசம் கெடந்துச்சு, இவளுக்கு இதுக்குள்ள முடிஞ்சிருச்சா, கெட்டிக்காரி என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிஸ்டர் ஜெபராணி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், செண்பகம் கையை நீட்டினாள், அக்கா குறுக்கே வந்தாள், இரு புள்ள, சும்மா வாங்கக் கூடாது என்று மஞ்சள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள், சிஸ்டர் ஒண்ணும் நினைச்சுக்கிடாதீக, ஒரு கை தவுடு வாங்கிக்கிட்டு பிள்ளையக் குடுங்க, நீங்க எடுத்து வளத்தது, நாங்க விலைக்கு வாங்கிக்கிறோம் என்றாள், எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று இருந்தது, வாசலில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், சிஸ்டர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிள்ளையை இடக்கையில் மாற்றிக்கொண்டு வலக்கையை விரித்தார், இவ்வளவுதானா, இம்புட்டு நாள் ராத்திரி பகலா பாத்திருக்கேன், இன்னும் ஒரு கை போடுங்க என்றார், அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, பேரம் பேசுறாகடி, அப்ப நல்ல பிள்ளைதான் என்று பொட்டலம் முழுவதையும் கவிழ்த்தாள், தவிடு சிதறி வெள்ளைத் தரையில் பொன்னாகக் கிடந்தது, பிள்ளை கைமாறியது, அக்காவின் கைக்கு, பிறகு செண்பகத்தின் கைக்கு, இந்தா, நான் வாங்குன பிள்ளை, நீ வளத்துக்குடு என்றாள் அக்கா.

காலை வெயில் வீட்டு ஜன்னலுக்கு வந்திருக்கிறது, செண்பகம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அக்கா அரைஞாண் கட்டுகிறாள், கறுப்புக் கயிற்றில் என் வளையத்தைக் கோத்திருக்கிறாள், ஐந்து ஆயுதங்களுக்குப் பிறகு இது ஆறாவது என்று நினைத்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை, சான்றிதழுக்கு ஒரு பெயர் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டில் அவளைத் தவுடு என்றுதான் கூப்பிடுகிறோம், முதலில் அப்படிக் கூப்பிட்டது செண்பகம், பீரோவிலிருந்த கொலுசை எடுத்துத் துடைத்து ஜன்னல் திண்டில் வைத்தவளும் அவள்தான், கால் கொஞ்சம் பருக்கட்டும் என்றாள், பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் கன்னத்தில் மங்கலாகத் தெரிகிறது, அது போய்விடும், பிள்ளை தும்முகிறாள், தலை லேசாகச் சரிகிறது, வெயில் நேராக அவள் இடது மூக்கின் மேல் விழுகிறது, உளுந்தளவு இருந்தது இப்போது மொச்சையளவு ஆகியிருக்கிறது, அதன் மெல்லிய ஓரம் பற்றிக்கொண்டு செம்பருத்தியாய் எரிகிறது, நான் கிட்டப் போய்க் குனிகிறேன், என்னடா, நட்சத்திரம் தேடுறியா என்கிறாள் அக்கா, இல்லை, தேடவில்லை, புள்ளி இல்லை, துளை இல்லை, வெளிச்சம் முழுசாக இருக்கிறது, அவள் மூச்சு விடுகிறாள், சிவப்பு நடுங்குகிறது, நான் என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அது நிற்கவில்லை.